கேள்வி உங்களுது, பதில் என்னுது: மூலிகைய நானோ ஆக்கினா கிருமி சாகுமா?

இந்த தடவ மூலிகை, நானோ, கிருமி, இந்த மூணு வார்த்தையும் சேர்ந்து வந்த கேள்விங்க மட்டுமே ஒரு கட்டு ஆயிடுச்சு, அதனால மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதையே எடுத்துக்கறேன். ஒரே விஷயத்த நாலு பேர் கேட்டிருந்தா ஒண்ணாக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: மஞ்சள், பூண்டு, கிராம்பு எல்லாமே பாக்டீரியாவ கொல்லுதுன்னு ஆராய்ச்சி மேல ஆராய்ச்சி வருது. அப்புறம் ஏன் மேடம் டாக்டர் எழுதற ஆன்டிபயாட்டிக் எதுவும் செடியிலேர்ந்து வர்றதில்ல? கம்பெனிக்காரங்க மறைக்கிறாங்களா?

மறைக்கறதெல்லாம் இல்லீங்க, காசு வரும்னா அவங்க முதல் ஆளா வந்து நின்னிருப்பாங்க. செடியிலேர்ந்து கிருமி மருந்தே வரலன்னும் சொல்ல முடியாது. சின்கோனா பட்டையிலேர்ந்து குவினைன 1820ல பிரிச்செடுத்தாங்க, ஆர்ட்டிமிசினின்ங்கற செடி மருந்த கண்டுபிடிச்சதுக்கு சீன விஞ்ஞானி டு யூயூவுக்கு 2015ல நோபல் கிடைச்சுது. ஆனா பாருங்க, ரெண்டுமே மலேரியா ஒட்டுண்ணிக்கு. பாக்டீரியாவுக்குன்னு வந்த பென்சிலின் பூஞ்சையிலேர்ந்து வந்தது, ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணுல இருக்கற இன்னொரு பாக்டீரியாகிட்டேர்ந்து வந்தது. அந்த மண்ணுல ஒருத்தன ஒருத்தன் நெருக்கிக்கிட்டு சோத்துக்கு அடிச்சுக்கற பங்காளிச் சண்டை நடக்குது, அதுல ஜெயிக்க ஒரே அடியில சாய்க்கிற ஆயுதம் வேணும். செடி அப்படி பண்றதில்ல. அது சுமாரான ஆயுதம் பத்து பதினஞ்ச ஒண்ணா வச்சுக்கிட்டு சமாளிக்குது.

அதனாலதான் எண்ணுல பாத்தா வித்தியாசம் பெருசா தெரியும். ஒரு கிருமி வளராம தடுக்க குறைஞ்சபட்சம் எவ்வளவு மருந்து வேணுமோ அதுக்கு எம்ஐசின்னு பேரு. நல்ல ஆன்டிபயாட்டிக்குக்கு அது மில்லிக்கு ஒரு மைக்ரோகிராம், அதுக்கும் கீழன்னு இருக்கும், செடிச் சரக்கு பலதுக்கு நூறு, ஐநூறு, ஆயிரம்னு போகும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச கதை பெர்பெரின். பெர்பெரிஸ் வகைச் செடிங்கள்ல இருக்கற மஞ்சக்கலர் பொருள் அது. ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்குள்ள அது போனதும் கிருமி தன்கிட்ட இருக்கற எஃப்ளக்ஸ் பம்ப் வச்சு வெளிய துப்பிடும், அதனால தனியா பாத்தா பெர்பெரின் ஒரு சோப்ளாங்கி. 2000ல என்ன கண்டுபிடிச்சாங்கன்னா, அதே செடியே இன்னொரு பொருளையும் செய்யுது, அது தனியா எந்த கிருமியையும் கொல்லாது, ஆனா அந்த பம்ப்ப அடைச்சுடும். ரெண்டும் சேர்ந்தா கிருமி காலி. செடி ஒரு கையால அடிச்சு இன்னொரு கையால வாயப் பொத்துது! நாம என்ன பண்றோம், சுத்தமா பிரிச்செடுக்கறேன்னு ஒரு கைய வெட்டி லேப்ல வச்சுட்டு பலமில்லன்னு எழுதறோம்.

சரி, இத்தனைக்கும் மேல இன்னொரு தொல்லை இருக்கு, அது போய் சேர்ற தொல்லை. மஞ்சள்ல இருக்கற குர்குமின் தண்ணில கரையாது, வெளிச்சம் பட்டா கெட்டுடும், வாய் வழியா போனா குடலும் கல்லீரலும் சேர்ந்து அத வேற பொருளா மாத்தி அனுப்பிடும். பூண்டோட அல்லிசின் பூண்டுல ரெடியா கிடையாது, நசுக்கும்போதுதான் உருவாகும், உருவான கொஞ்ச நேரத்துல சிதைய ஆரம்பிக்கும். ஓமத்துல இருக்கற தைமால், கிராம்புல இருக்கற யூஜினால் மாதிரி எண்ணெய்ச் சரக்கெல்லாம் ஆவியாகும், தோலையும் எரிக்கும். கிருமி சாகற அளவு கிருமி இருக்கற எடத்துக்கு போய் அங்க கொஞ்ச நேரம் நிக்கணுமில்ல, அதுதான் நடக்க மாட்டேங்குது. நானோ உள்ள வர்றது இந்த எடத்துலதான்.

கேள்வி: நானோ நானோங்கறாங்களே, சின்னதா அரைச்சா நானோவா அக்கா?

அரைச்சும் செய்யலாம், ஆனா மிக்ஸில போட்டா வராது. ஒரு நானோமீட்டர்ங்கறது மீட்டர்ல நூறு கோடில ஒரு பங்கு. தலைமுடியோட தடிமன் சுமாரா 80,000லேர்ந்து 1,00,000 நானோமீட்டர், ஒரு ஈ.கோலை பாக்டீரியா நீளம் 2,000 பக்கம், நாம பேசற துகள்ங்க பெரும்பாலும் 20லேர்ந்து 200க்குள்ள.

மூலிகை விஷயத்துல நானோன்னா ரெண்டு வேற வேற சங்கதி, ஜனங்க அத போட்டு குழப்பிக்கறாங்க. ஒண்ணு, வண்டி. செடியோட மருந்த கொழுப்பு உருண்டைக்குள்ளயோ எண்ணெய்த் துளிக்குள்ளயோ இறால் ஓட்டுலேர்ந்து எடுக்கற கைட்டோசான் மாதிரி பாலிமருக்குள்ளயோ வச்சு அனுப்பறது, கொல்றது செடிச் சரக்கு, தூக்கிட்டு போறது மட்டும் நானோ. இன்னொண்ணு, இலைச்சாற வச்சு வெள்ளி, துத்தநாகம் மாதிரி உலோகத்த துகளாக்கறது. இங்க கொல்றது பெரும்பாலும் உலோகம், செடி சமையல்காரர் மட்டும்தான். டப்பா மேல ரெண்டுக்கும் ஒரே மாதிரி பச்சை இலை படம்தான் போடுவாங்க.

வண்டி வச்சா பலன் இருக்கும்ங்கறது கற்பனை இல்ல. ஆம்ஃபோடெரிசின் பின்னு ஒரு பூஞ்சை மருந்து இருக்கு, நல்லா கொல்லும் ஆனா கிட்னிய படுத்தி எடுக்கும். அதையே லிப்போசோம்ங்கற கொழுப்பு உருண்டைக்குள்ள வச்சு குடுத்ததும் கிட்னி பாதிப்பு நல்லா குறைஞ்சுது, அமெரிக்காவுல 1997லயே அனுமதி வாங்கி இன்னிக்கும் ஆஸ்பத்திரிங்கள்ல ஓடுது. அது செடி மருந்து இல்ல, ஆனா வழி இருக்குன்னு காட்டிடுச்சு.

கேள்வி: நான் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கிறேன். புராஜெக்டுக்கு இலைச்சாறுல சில்வர் நானோ செஞ்சேன், கலர் பிரவுனா மாறிச்சு, அகார் தட்டுல 18 மில்லிமீட்டர் ஜோன் (கிருமி வளராத வட்டம்) வந்துச்சு. வெறும் இலைச்சாறுக்கு ஜோனே இல்ல. அப்போ நானோ ஆக்கினதால மூலிகையோட சக்தி கூடிச்சுன்னு எழுதலாமா அக்கா? கைடு எழுதுன்னு சொல்றாங்க.

தங்கச்சி, எழுதாத. கைடுகிட்ட என் பேர சொல்லாத, ஆனா எழுதாத.

நானும் அந்த பிரவுன் கலர பாத்து குதிச்சவதான். ஃபிளாஸ்க்ல வெள்ளி நைட்ரேட், அதுல இலைச்சாறு, கொஞ்ச நேரத்துல மஞ்சளாகி டீ டிகாஷன் மாதிரி ஆகும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அது தனி. சாறுல இருக்கற பாலிஃபீனால் மாதிரி பொருள்ங்க வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான குடுத்து வெள்ளி உலோகமா மாத்துது, அந்த குட்டித் துகள்ங்க வெளிச்சத்த 400லேர்ந்து 450 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சுது, அதான் அந்த கலர். என் முதல் செமினார்ல நான் இத "மூலிகையின் மகிமை"ன்னே ஸ்லைடு போட்டேன். பின் வரிசையிலேர்ந்து ஒருத்தர் எழுந்து அமைதியா "வெறும் சில்வர் நைட்ரேட் போட்ட கிணறு எங்க?"ன்னு கேட்டார். கிணறுன்னா அகார்ல மருந்து ஊத்தற குழி. நான் அத வைக்கவே இல்ல. அன்னிக்கு பட்ட அவமானம்தான் இன்னிக்கு உனக்கு பதிலா வருது.

முதல்ல உன் தட்டுல என்னென்ன கிணறு இருக்கணும்னு பாரு. இலைச்சாறு தனியா வச்சிருக்க, நல்லது. வெள்ளி நைட்ரேட் தனியா, உன் துகள்ல எவ்வளவு வெள்ளி இருக்கோ அதே அளவுக்கு. அப்புறம் துகள சுழற்றி கீழ உக்கார வச்சுட்டு மேல நிக்கற தண்ணி தனியா, ஏன்னா மாறாம மிச்சமிருக்கற வெள்ளி அயனி அதுலதான் இருக்கும். அந்த தண்ணிக்கே 17 மில்லிமீட்டர் வந்துச்சுன்னா நீ இத்தன நாள் அளந்தது துகளையே இல்ல. இது சும்மா பயமுறுத்தல் இல்லம்மா. அமெரிக்காவுல ரைஸ் யுனிவர்சிட்டில 2012ல ஆக்ஸிஜனே இல்லாத எடத்துல வச்சு சோதிச்சாங்க, ஏன்னா ஆக்ஸிஜன் இல்லன்னா வெள்ளித் துகள் அயனிய விடாது. அங்க அதே துகள்ங்க ஈ.கோலைய ஒண்ணும் பண்ணல. அடிச்சதெல்லாம் அயனிதான், துகள் வெறும் அயனி கிடங்கு.

ரெண்டாவது, ஜோன் அளவ வச்சு எது பலசாலின்னு சொல்லவே கூடாது. அகாருக்குள்ள எது வேகமா பரவுதோ அதுக்கு பெரிய வட்டம் வரும், எண்ணெயும் பெரிய துகளும் பரவாது, வட்டம் சின்னதா இருக்கும், ஆனா கிருமிய நேரா தொட்டா கொன்னுடும். அதனால திரவ மீடியாவுல, அதாவது கிருமி வளர்ற சத்துத் தண்ணில, எம்ஐசி எடு. அதுலயும் ஒரு வம்பு, மீடியாவுல உப்பு இருந்தா வெள்ளி குளோரைடா படிஞ்சுடும், புரதம் இருந்தா அது வெள்ளிய பிடிச்சு வச்சுக்கும், எந்த மீடியான்னு எழுதாம நம்பர் மட்டும் எழுதினா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல.

மூணாவதா, மனுஷ செல்லுல போட்டு பாத்தியா? கிருமி சாகற அதே அளவுல தோல் செல்லும் செத்தா அது மருந்து இல்ல, பினாயில்.

இவ்வளவையும் பண்ணினதுக்கு அப்புறமும் உன் துகள் வெள்ளி நைட்ரேட்ட விட நல்லா வேலை செஞ்சா, தைரியமா எழுது, அது நெஜமாவே சுவாரஸ்யமான விஷயம், ஒருவேளை துகள் மேல ஒட்டிக்கிட்டிருக்கற செடிப்பொருள் கூட உதவியிருக்கலாம். எந்த இலை, எந்த மாசம் பறிச்சது, எவ்வளவு நேரம் கொதிச்சுது இதெல்லாமும் எழுதி வை, ஏன்னா அடுத்த தடவ நீயே செஞ்சாலும் அதே சைஸ் வராது. இலைச்சாற வச்சு செய்யற இந்த பச்சை முறையோட பெரிய தலைவலியே அதுதான், பேப்பர் எழுத ஈஸி, ஃபாக்டரில செய்ய கஷ்டம்.

கேள்வி: நானோ குர்குமின் மாத்திரை, சாதா மாத்திரைய விட இருபது மடங்கு உறிஞ்சும்னு போட்டிருக்கு. அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன் வருது, ஆன்டிபயாட்டிக்குக்கு பதிலா இத எடுத்துக்கலாமா?

வேண்டாங்க. யூரின் இன்ஃபெக்ஷன் கிட்னிக்கு ஏறினா விளையாட்டு இல்ல, அடிக்கடி வருதுன்னா கல்ச்சர் டெஸ்ட் எடுத்து எந்த கிருமி, எதுக்கு அடங்குதுன்னு டாக்டர்கிட்ட பாத்துடுங்க.

அந்த இருபது மடங்குக்கு கணக்கு போடுவோம், ஒரு தாள எடுத்துக்கோங்க. 2001ல வந்த ஒரு மனித ஆய்வுல தினம் 8 கிராம் குர்குமின் குடுத்தப்போ ரத்தத்துல உச்சபட்சமா சராசரி 1.8 மைக்ரோமோலார் பக்கம் வந்துச்சு, அதாவது மில்லிக்கு ஒரு மைக்ரோகிராம் கூட இல்ல. தட்டுல ஸ்டாஃபிலோகாக்கஸ தடுக்க குர்குமினுக்கு பொதுவா நூறு மைக்ரோகிராமுக்கு மேல வேணும். அரை, முக்கா மைக்ரோகிராம இருபதால பெருக்குங்க, நூறு வருதா? வரல. இதுக்கே தினம் 8 கிராம் முழுங்கியிருக்கணும், உங்க மாத்திரைல இருக்கறது மில்லிகிராம் கணக்கு.

இந்த "மடங்கு" விளம்பரத்துக்கெல்லாம் தாத்தா ஒண்ணு இருக்கு. 1998ல 2 கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகுல இருக்கற காரப் பொருள், சேர்த்து குடுத்தப்போ மனுஷங்ககிட்ட உறிஞ்சற அளவு 2,000 சதவீதம் கூடிச்சுன்னு வந்துச்சு. கேக்க பிரமாதமா இருக்கு. ஆனா ஒண்ணுமே இல்லாதத இருபதால பெருக்கினா என்ன வரும்னு யாரும் கேக்கல.

இன்னொரு பக்கமும் இருக்கு. உறிஞ்சறது கூடினா நல்லது மட்டும் கூடாது. அமெரிக்காவுல மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்டு கல்லீரல் கெட்டுப்போன 10 பேர ஆராய்ஞ்சதுல 5 பேர் ஆஸ்பத்திரில சேர வேண்டியிருந்துச்சு, ஒருத்தர் இறந்தே போனார், 7 பேருக்கு ஒரே குறிப்பிட்ட மரபணு வகை இருந்துச்சு. அரிதுதான், எல்லாருக்கும் வராது. ஆனா காலங்காலமா மஞ்சள் சாப்பிடறோம் ஒண்ணும் ஆகலையேங்கற வாதம் உடம்புக்குள்ள போகவே போகாத மஞ்சளுக்குத்தான் பொருந்தும். உள்ள தள்ளறதுக்குன்னே செஞ்ச சரக்கு வேற, அத புது மருந்தாவே நினைச்சுக்கணும். கல்லீரல் தொந்தரவு உள்ளவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க கிட்டவே போகாதீங்க.

கேள்வி: மூலிகை சேர்த்த வெள்ளித் தண்ணிய தினம் குடிச்சா இம்யூனிட்டி கூடுமா?

கூடாது. தோல் நீலச்சாம்பல் கலர் ஆகலாம், ஆர்ஜிரியான்னு பேரு, வந்தா போகாது. அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999லயே கடைல நேரடியா விக்கற வெள்ளிக் கூழ்ம மருந்துங்க, அதாவது இந்த மாதிரி வெள்ளித் தண்ணிங்க, பாதுகாப்பானதும் இல்ல, பலனுள்ளதும் இல்லன்னு சொல்லிடுச்சு. காயத்துக்கு மேல பூசற வெள்ளி மருந்து வேற கதை, அத டாக்டர் பாத்துக்குவார்.

கேள்வி: ஆன்டிபயாட்டிக்குக்கு கிருமி பழகிடுது. நானோவுக்கும் மூலிகைக்கும் பழகாதாமே, ஒரே நேரத்துல பல எடத்துல அடிக்கறதால?

பழகாதுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, நானா இருந்தாலும். ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியா நேரடியா காரணமாகி 2019ல உலகத்துல 12.7 லட்சம் பேர் இறந்திருக்காங்கன்னு கணக்கு, அதனால இப்படி ஒண்ணு கிடைச்சா நல்லாத்தான் இருக்கும், ஆசை புரியுது. பல எடத்துல அடிச்சா பழகறது கஷ்டம், அதுவும் உண்மை. ஆனா 1975லயே பாஸ்டன்ல ஒரு தீக்காய வார்டுல வெள்ளிக்கு அடங்காத சால்மோனெல்லாங்கற பாக்டீரியா வந்து மூணு பேர் இறந்து போய், வார்டையே மூட வேண்டியதாச்சு.

நானோ வெள்ளிக்கு நடந்தது இன்னும் ருசியான கதை. செக் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2018ல வெளியிட்டது. ஈ.கோலையையும் சூடோமோனாஸ்ங்கற இன்னொரு பாக்டீரியாவையும் சாகாத அளவு குறைச்ச நானோ வெள்ளில திரும்பத் திரும்ப வளத்தாங்க. கிருமி ஜீன மாத்திக்கல, பம்ப் வைக்கல. நீந்தறதுக்குன்னு இருக்கற வாலோட புரதம், ஃபிளஜெல்லின், அத நிறைய செஞ்சு வெளிய விட்டுச்சு. அது ஒட்டுப் பசை மாதிரி வேலை செஞ்சு வெள்ளித் துகளையெல்லாம் கட்டி கட்டியா சேத்துடுச்சு. கட்டி ஆயிட்டா நானோ ஏது? முடிஞ்சுது.

இனிமேதான் இருக்கு. மாதுளைத் தோல் சாறு சேர்த்தாங்க, அது ஃபிளஜெல்லின் உருவாகறத அடக்கிடுச்சு, வெள்ளி மறுபடி வேலை செய்ய ஆரம்பிச்சுது! பெர்பெரின் கதை ஞாபகம் வருதா? செடி அடியாளா போறத விட, அடிக்கிறவனுக்கு கதவ திறந்து விடற வேலையில கெட்டி. எனக்கென்னவோ மூலிகைய ஆன்டிபயாட்டிக்குக்கு போட்டியா நிறுத்தறத விட துணையா அனுப்பறதுலதான் நிஜ லாபம்னு தோணுது, ஒரே கொழுப்பு உருண்டைக்குள்ள ரெண்டையும் ஏத்தி ஒரே நேரத்துல ஒரே எடத்துல இறக்கலாம், அதுக்கு நானோ ரொம்ப தோதான வண்டி. ஆனா ஆராய்ச்சிக்காசு பூரா இன்னும் "இந்த இலைல செஞ்சேன், அந்த இலைல செஞ்சேன்"லயே கரையுது.

கேள்வி: அப்போ இதெல்லாம் எப்போதான் நமக்கு வரும்? எதுலதான் வரும்?

மாத்திரையா வர்றது கடைசில. தோல் மேல, பல்லு மேல, ஆஸ்பத்திரில உடம்புல சொருகற குழாய் மேல, இப்படி மேலாப்புல வர்றதுதான் முதல்ல, ஏன்னா அங்க கல்லீரல் குறுக்க வராது, வேணுங்கற அளவ நேரா வைக்கலாம். சாதா செடிச் சரக்கே அங்கதான் ஜெயிச்சிருக்கு. கிராம்பு யூஜினாலையும் துத்தநாக ஆக்ஸைடையும் குழைச்சு பல் டாக்டருங்க தற்காலிக சிமென்ட்டா இன்னும் வைக்கறாங்க, தைமால் மவுத்வாஷ்ல இருக்கு, தரை துடைக்கிற கிருமிநாசினிலயும் இருக்கு.

நான் ஆசையா பாக்கறது ஆறாத புண். அங்க கிருமி தனித்தனியா திரியாது, கோந்து மாதிரி ஒரு படலத்துக்குள்ள, பயோஃபிலிம், கூட்டமா உக்காந்திருக்கும், சாதாரணமா கொல்ற அளவ விட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்து போட்டாலும் சில நேரம் அசையாது. எண்ணெய்ச் சரக்க மேல ஊத்தினா தண்ணிப் பதமான அந்த கோந்துக்குள்ள எறங்காது. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைல ஒரு குழு ஓரிகனோங்கற மூலிகை எண்ணெய்ல இருக்கற கார்வக்ரால எடுத்து சுத்தி பாலிமர் போத்தி நானோ துளியாக்கினாங்க. மேல்பரப்புல பாஸிட்டிவ் சார்ஜ், அதனால கோந்துக்குள்ள புகுந்து பரவிச்சு. பயோஃபிலிமும் தோல் இணைப்பு செல்லும் ஒண்ணா வளத்த தட்டுல கிருமிய கொன்னு செல்ல விட்டு வச்சுது. தங்கச்சிக்கு மேல சொன்னேனே மனுஷ செல்லுல பாருன்னு, அது இதுதான். தட்டுதான், மனுஷன் இல்ல. தட்டுலேர்ந்து எலி, எலிலேர்ந்து மனுஷன், அதுலயும் மூணு கட்டம், பத்து வருஷம்னு வச்சுக்கோங்க, பாதில கவுந்து போறதுதான் அதிகம். துகள் உடம்ப விட்டு எப்போ போகுது, சாக்கடைல போனா அங்க இருக்கற நல்ல கிருமிய என்ன பண்ணுது, இதையும் பாத்தாகணும்.

கடைல ஏதாவது பாத்தீங்கன்னா மூணே மூணு கேள்வி கேளுங்க: கொல்ற பொருள் எது, எவ்வளவு இருக்கு, மனுஷங்ககிட்ட சோதிச்சாங்களா. லேபிள்ல "நானோ" பெருசாவும் அளவு எங்கயுமே இல்லாமலும் இருந்தா திரும்ப அலமாரில வச்சுடுங்க.

கேள்வி: பூனைக்கு தோல்ல பூஞ்சை மாதிரி இருக்கு. டீ ட்ரீ எண்ணெய் நானோ ஸ்பிரே, இயற்கையானதுதானே, அடிக்கலாமா மேடம்?

ஐயோ, அடிக்காதீங்க! பூனையோட கல்லீரலுக்கு அந்த மாதிரி எண்ணெய்ப் பொருள உடைச்சு வெளியேத்தற திறமை ரொம்ப கம்மி, அது போதாதுன்னு உடம்ப நக்கி நக்கி எல்லாத்தையும் உள்ள தள்ளிக்கும், நானோன்னா தோல் வழியா இன்னும் சுலபமா எறங்கலாம். ஏற்கனவே அடிச்சிருந்தா, நடுக்கம், தள்ளாட்டம் எதாவது தெரியுதான்னு காத்துக்கிட்டிருக்காம இப்பவே கால்நடை டாக்டருக்கு போன் போடுங்க, பாட்டில கையோட எடுத்துட்டு போங்க.